விளையாடுற தண்ணி

வேலன் நகர் பூங்காவுக்குள் ஒரு தீவு இருந்தது. திண்டுக்கல்லில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைப் போய்ச் சேர அரை நாள் ஆகிறது, பிள்ளைகள் பாவம் என்று குடியிருப்போர் நலச் சங்கம் கூட்டம் போட்டுப் பேசி, நன்கொடை பிடித்துக் கட்டிய தீவு. சிமெண்ட் தரை முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். மோட்டாரைப் போட்டால் அந்தத் துளைகளிலிருந்து தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீச்சி அடிக்கும். ஒரு ஓரத்தில் நீல டால்பின், வாயால் துப்பும். பக்கத்தில் ஒரு சிவப்புக் காளான், குடை விளிம்பெல்லாம் வழியும். எல்லாவற்றுக்கும் மேலே இரும்புக் கம்பத்தின் உச்சியில் அண்டா அளவுக்கு ஒரு மஞ்சள் வாளி. அது மெதுவாக நிரம்பும். நிரம்பியதும் மணி அடித்துவிட்டுக் கவிழும். கீழே நிற்கிற பிள்ளைகள் போடுகிற கத்தலில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சுற்றிலும் ஃபைபரில் செய்த தென்னை மரங்கள். கன்னிவாடிப் பக்கம் நிஜத் தென்னைகள் மட்டை காய்ந்து நின்ற அந்தக் கோடையிலும் ஃபைபர் தென்னைகள் தினமும் சாயங்காலம் தலைக்குக் குளித்தன. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் பெண்கள் சிலர் காலிக் குடத்தோடு வேலி ஓரம் நின்று இதைப் பார்ப்பார்கள். காவலுக்கு இருக்கும் முகமது பாரூக், அவர்கள் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவார்.

“இது குடிக்கிற தண்ணி இல்லம்மா. வெளையாடுற தண்ணி.”

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கேட்டைத் திறந்ததும் முதலில் உள்ளே நுழைந்தவர்கள் மூன்று பேர். அஜித், அவனுடைய அக்கா சௌந்தர்யாவின் மகள் கீர்த்தனா, மகன் முகேஷ்குமார். கீர்த்தனாவுக்கு ஒன்பது வயது. முகேஷுக்கு ஐந்து, யார் கேட்டாலும் ஆறு என்பான். அவர்களுடைய அம்மா அன்று காலையில் செத்துப்போயிருந்தாள். அது அஜித்துக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்குத்தான் அவர்களைக் கூட்டி வந்திருந்தான்.

சௌந்தர்யாவுக்கு ரொம்ப நாளாகவே கிட்னி சரியில்லை. மதுரையில் ஒரு வாரம் படுத்திருந்தவளை, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். பார்த்துக்கொள்வதற்குக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் கொடைரோடு தாண்டும்போதே முடிந்துவிட்டது.

அவள் புருஷன் பாண்டி, பூ மார்க்கெட்டில் ஏலம் கூவுகிறவர். அவர் மல்லிகைக்கு விலை சொன்னால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட தொண்டை அன்று போனில் காற்றாகத்தான் வந்தது.

“மாப்ள, பிள்ளைகட்ட நீ சொல்லிர்றா. ஒன்னையத்தான் அதுக நம்பும். சொல்லிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வா.”

“நான் எப்பிடி மச்சான்...”

“எனக்கு வாய் வரலடா.”

பிள்ளைகள் ஒரு வாரமாகப் பக்கத்துத் தெரு முஹ்சினா டீச்சர் வீட்டில்தான் இருந்தார்கள். அஜித் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியபோது முஹ்சினா டீச்சர் வாசலிலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். முகேஷ் ஓடிவந்து, “பார்க்குக்கா மாமா?” என்றான். இல்லை என்று சொல்லக் கிளம்பிய வாய், “ஆமாடா, வேறெங்க?” என்றது. ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னால் என்ன, அக்கா எங்கே போய்விடப் போகிறாள் என்று நினைத்தான். நினைத்து முடித்ததும் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பேச்சு அவனுடைய தொழில். பழனி ரோட்டில் ஒரு பைக் ஷோரூமில் விற்பனைக்கு நிற்கிறான். சும்மா காற்றடிக்க வந்தவனை வண்டி புக் செய்ய வைத்து அனுப்பியவன் என்று ஷோரூமில் அவனுக்குப் பெயர். அதற்கு ஒரு வழிமுறை உண்டு. முதலில் குடும்பத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். பிறகு மைலேஜ் சொல்ல வேண்டும். விலையைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். அக்கா விஷயத்துக்கும் அந்த வழியில் ஒரு பேச்சை மனதுக்குள் தயார் செய்து பார்த்தான். குடும்பம் அவர்களே. மைலேஜ் முடிந்துவிட்டது. சொல்வதற்கு விலை மட்டும்தான் இருந்தது.

வாளி கவிழ்ந்தவுடன் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தான்.

வாளி கவிழ்ந்தது. முகேஷ் அதற்கு நேர் கீழே நின்று, டவுசர் இடுப்பிலிருந்து இறங்கிப் போவதுகூடத் தெரியாமல் குதித்துக்கொண்டிருந்தான். டவுசர் இறங்கின பிள்ளையிடம் போய் இதைச் சொல்ல முடியாது. அடுத்த வாளிக்குப் பார்க்கலாம் என்று அஜித் தள்ளிப்போட்டான்.

“மாமா, நீ நனையலையா?”

“நான் ஆபீசர்டா. ஆபீசர் நனைஞ்சா லீவு வெட்டிருவாங்க.”

“ஒரே ஒரு தடவ மாமா!”

“டவுசரத் தூக்குடா மொதல்ல. தீவுக்கு வந்த கப்பலெல்லாம் ஒன்னையப் பாத்துட்டுத் திரும்பிப் போகுது.”

கீர்த்தனா தண்ணீருக்குள் போகவே இல்லை. டால்பினின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் அப்படித்தான் இருக்கிறாள் என்று முஹ்சினா டீச்சர் சொல்லியிருந்தார். கொடுத்ததைச் சாப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், சிரிப்பதில்லை.

“மாமா, அம்மா எப்ப வரும்?”

“இன்னைக்கு வந்துரும்.”

பொய் இல்லை. அந்நேரம் அக்கா ஏற்கெனவே வீட்டுக்கு வந்து, கூடத்தில் வடக்கு தெற்காகப் படுத்திருந்தாள். உண்மை பேசிப் பிள்ளையை ஏமாற்ற முடியும் என்பதை அஜித் அன்றுதான் கற்றுக்கொண்டான்.

“நெசமாவா?”

“நெசமா.”

அவள் முகம் லேசாகத் தெளிந்தது. இதுதான் நேரம், இப்போது சொல்லிவிட வேண்டும். அவள் பக்கத்தில் போய்க் குத்தவைத்தான். வாயைத் திறந்தான். உள்ளே இருந்து ஷோரூம்காரன் வெளியே வந்துவிட்டான்.

“மேடம், வணக்கம். இந்த டால்பினப் பாக்குறீங்களா? புது மாடல் மேடம். போன வாரந்தான் எறக்குனோம்.”

கீர்த்தனா அவனை முறைத்தாள். “போ மாமா.”

“நீலக் கலர்ல இது ஒண்ணுதான் மேடம் மிச்சம். சின்னாளப்பட்டிப் பார்ட்டி ஒருத்தர் காலைல இருந்து கேட்டுக்கிட்டு இருக்காரு.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, வேறு வழியில்லாதவள் போல, “டிக்கி இருக்கா?” என்றாள்.

“வயிறு முழுக்க டிக்கிதான மேடம்.”

“ஹாரன் எப்பிடி அடிக்கும்?”

அஜித் எழுந்து நின்று, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், டால்பினின் மூக்கை அமுக்கி, ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தினான். பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்த ஒரு அம்மா திடுக்கிட்டுச் செல்போனைக் கீழே இறக்கினார். கீர்த்தனா சிரித்தாள். முதலில் மூக்கால் சிரித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே வழுக்கித் துளைக்கு நேராக உட்கார்ந்து, கீழிருந்து தண்ணீர் பீச்சி அடித்ததில் இன்னும் சிரித்து, விக்கல் வந்துவிட்டது. “அய்யோ மாமா, போதும் மாமா” என்றாள். முகேஷும் எதற்கு என்று தெரியாமலே சிரித்தான்.

அஜித்துக்கு அழுகை முட்டியது. நேராக நடந்துபோய்க் காளானுக்கு அடியில் நின்றுகொண்டான். காளானுக்கு அடியில் யார் முகமும் நனைந்துதான் இருக்கும்.

“ஏ, ஆபீசர் நனைஞ்சுட்டாரு!” என்று முகேஷ் கத்தினான்.

அதற்கு அப்புறம் வாளி எத்தனை தடவை கவிழ்ந்தது என்று அவன் பார்க்கவில்லை.

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் அவனுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. போன மாதம் முகேஷ் அதை டால்பினுக்குக் குடிக்கக் கொடுத்ததிலிருந்து, பூங்காவுக்கு வந்தால் போனைச் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவது வழக்கம். அழைத்தது பாண்டி மச்சான். பிறகு பாண்டியின் அண்ணன் நாச்சிமுத்து. பிறகு மறுபடியும் மச்சான்.

வெயில் ஃபைபர் தென்னைகளின் இடுப்புக்கு இறங்கியிருந்தபோது, தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. நடுவில் சங்கு.

முகேஷ் கொட்டுக்குத் தகுந்தபடி ஆட ஆரம்பித்தான். பாரூக் நாற்காலியிலிருந்து எழுந்து, ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்த கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார். வேகமாக வந்து மோட்டாரை நிறுத்தினார். தண்ணீர் எல்லாத் துளைகளுக்குள்ளும் ஒரே நேரத்தில் இறங்கிக்கொண்டது.

“பிள்ளைகளக் கொஞ்சம் ஓரமாக் கூட்டிக்கங்க. செத்த நேரந்தான்.”

“எதுக்கு பாய்?” என்றான் அஜித்.

“நீர்மாலை வருதுல்ல. தண்ணி எடுத்துட்டுப் போயிருவாங்க.”

“இங்கயா?”

“இங்கதான். இந்தத் தெருவுக்கு எப்பவும் இந்த எடந்தான். கெணறுல்ல இருந்துச்சு. கெணத்த மூடித்தான தீவு கட்டுனாங்க. கெணத்துக்குள்ளயே போர் போட்டு, அந்தத் தண்ணியத்தான் இப்ப டால்பின் துப்புது. கெணறு போனா என்ன, தண்ணி அதுதானன்னு இங்கயே வந்துருவாங்க.” பாரூக் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “உங்க ஊர்ல நீர்மாலை எடுக்க மாட்டாங்களா?”

எடுப்பார்கள். அவன் ஊரான கன்னிவாடியில் கம்மாய்க்குப் போவார்கள். செத்தவரைக் குளிப்பாட்டுவதற்கு உறவுக்காரர்கள் கொட்டு முழங்கப் போய்த் தண்ணீர் எடுத்து, தலைக்கு மேல் வேட்டியைப் பந்தலாகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அஜித் இரண்டு தாத்தாக்களுக்குத் தண்ணீர் எடுத்திருக்கிறான். ஆனால் அக்கா வாழ்க்கைப்பட்ட தெருவில் எங்கே எடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை. ஊரிலுள்ள இத்தனை இடங்களில், சாவு வராத இடம் என்று நம்பி, சாவு நேராக வரக்கூடிய ஒரே இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தான்.

“யாரு பாய்? யாரு வீடு?” என்று கேட்டான். கேட்க வேண்டியதே இல்லை.

“நம்ம பூ மார்க்கெட் பாண்டி வீடு. அவரு சம்சாரம்...” என்று ஆரம்பித்த பாரூக், முகேஷின் முகத்தைப் பார்த்தார். பாண்டியின் மூக்கு அப்படியே அந்த முகத்தில் இருந்தது. பாரூக் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வெளியே போவதற்கு அந்த ஒரு கேட்தான். கொட்டு கேட்டுக்கு வந்துவிட்டது. அஜித் ஒரு கையில் கீர்த்தனாவையும் இன்னொரு கையில் முகேஷையும் இழுத்துக்கொண்டு டால்பினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

“கண்ணாமூச்சியா மாமா?” என்று முகேஷ் காதுக்குள் கேட்டான்.

“ஆமா. பேசக் கூடாது.” கீர்த்தனா பக்கம் திரும்பினான். “கீர்த்தி, இங்க பாரு. மாமா ஒண்ணு சொல்லணும். நல்லாக் கேளு. என்னன்னா...”

அவ்வளவுதான் வந்தது. கீர்த்தனா விக்கலோடு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த வேடிக்கைக்காக.

அதற்குள் முகேஷ் டால்பினின் வயிற்றுக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டான்.

“அப்பா! ஏ, அப்பாவும் வெளையாட வந்துருச்சு!”

கையை உதறிக்கொண்டு ஓடினான்.

பாண்டி சட்டையில்லாமல், இடுப்பில் ஒரு வேட்டியும் தோளில் துண்டுமாக நின்றார். அவருக்குப் பின்னால் நாச்சிமுத்து பெரியப்பா, பிள்ளைகளின் அத்தை முத்துப்பேச்சி, தெருக்காரர்கள், பித்தளைச் சொம்புகள், ஒரு குடம். ஓடிவந்த மகனைப் பார்த்ததும் பாண்டி இரண்டு அடி பின்னால் போனார். முகேஷ் அவர் காலைக் கட்டிக்கொண்டு, “அந்த வாளிக்குக் கீழ நில்லுப்பா, செம்மையா ஊத்தும்” என்றான். முத்துப்பேச்சி அத்தை, “அய்யோ எஞ்சாமி...” என்று ஒப்பாரி எடுத்தார். நாச்சிமுத்து அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். குரல் நின்றது.

பாண்டி மகனின் தலைக்கு மேலாக அஜித்தைப் பார்த்தார். அஜித் தலையை மட்டும் ஆட்டினான், இல்லை என்று.

“போன எடுத்துத் தொலைய மாட்டியாடா?” என்றார் நாச்சிமுத்து, மெதுவாக. “பார்க்குக்கு வந்துட்டீகன்னு டீச்சர் சொன்னாங்க. நாங்க வர்றதுக்குள்ள பிள்ளைகளக் கெளப்பீருன்னு சொல்லத்தான்டா அம்புட்டுத் தடவ கூப்ட்டோம்.”

“சீட்டுக்கு அடியில இருக்கு மச்சான்.”

“நல்லா வச்ச.” அவர் பெருமூச்சு விட்டார். இரண்டு பிள்ளைகளையும் மேலும் கீழும் பார்த்தார். நீர்மாலை எடுக்கிறவர்கள் முதலில் குளிக்க வேண்டும், ஈரத் துணியோடுதான் வீடு வந்து சேர வேண்டும். பிள்ளைகள் இரண்டும் சொட்டச் சொட்ட நின்றன. “சரி விடு. நனைஞ்சுதான் நிக்குதுக. தனியாக் குளிக்க வேணாம். மகன் எடுக்குறதுதான் மொறையும். அதுக கையில ஒவ்வொரு சொம்பக் குடுங்கப்பா.”

பாரூக் மோட்டாரைப் போட்டார். குழாய் என்று தனியாக ஒன்று அங்கே கிடையாது. தீவுக்குப் போகிற தண்ணீர்தான் எல்லாமும். தரையிலிருந்து தண்ணீர் எழும்பியது. துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் அதற்கு நடுவில் நின்றார்கள். ஊரில் யார் வீட்டு விசேஷத்திலும் சிரித்தறியாத நாச்சிமுத்து, மீசையோடு, சிவப்புக் காளானுக்கு அடியில் நின்று குளித்தார். பாண்டி குடத்தை டால்பினின் வாய்க்கு நேராக ஏந்தினார். டால்பின் சிரித்த முகத்தோடு துப்பியது. கொட்டுக்காரர் கொட்டு நனையாமல் இருக்க முதுகைத் திருப்பிக்கொண்டார்.

வாளி நிரம்பி, மணி அடித்து, எல்லார் தலையிலும் கவிழ்ந்தது.

வேலி ஓரம் ஒதுங்கி நின்ற பிள்ளைகள் பழக்கத்தில் ‘ஹே’ என்று கத்திவிட்டன. அவர்களுடைய அம்மாமார் வாயைப் பொத்தினார்கள். பொத்துவதற்குள் கத்தல் முடிந்துவிட்டது.

முகேஷ் இதைப் போல ஒரு சாயங்காலத்தைப் பார்த்ததில்லை. வீட்டு ஆட்கள் எல்லாரும் பூங்காவுக்கு வந்திருந்தார்கள், யாரும் அவனைத் திட்டவில்லை. சொம்பை நிரப்பினான், கொட்டினான், மறுபடி நிரப்பினான். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு அஜித்திடம் வந்தான்.

“இம்புட்டுத் தண்ணியும் யாருக்கு மாமா?”

அஜித் தரையில் முழங்கால் போட்டான். தண்ணீர் அவன் நெஞ்சில் அடித்தது.

“அம்மாவுக்குடா.”

“அம்மாவுக்கா?” முகேஷுக்குக் கவலை வந்துவிட்டது. “அம்மா இம்புட்டுக் குடிக்கக் கூடாதுல்ல. அந்தச் சின்ன டம்ளர்லதான குடிக்கணும்? டாக்டர் திட்டுவாருல்ல?”

“குடிக்க இல்லடா. குளிப்பாட்ட.”

“அம்மாவே குளிக்கும்ல?”

கீர்த்தனா எப்போது பக்கத்தில் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. விக்கல் நின்றிருந்தது. அவள் தன் கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள். அதன் கழுத்தில் யாரோ சுற்றியிருந்த பூவைப் பார்த்தாள். அப்பாவின் சட்டையில்லாத முதுகைப் பார்த்தாள். கடைசியில் அஜித்தைப் பார்த்தாள்.

“அம்மா செத்துப்போச்சு தங்கம்” என்றான் அஜித்.

இவ்வளவு நேரமும் தேடிய வார்த்தைகள் அவ்வளவுதான்.

முகேஷ் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அது என்ன செய்கிறதோ அதைத் தானும் செய்யலாம் என்று காத்திருந்தான். அது ஒன்றும் செய்யவில்லை.

“எப்ப?” என்றாள் கீர்த்தனா.

“காலைல. வர்ற வழியில.”

“எங்களக் கூப்ட வந்தப்பவே ஒனக்குத் தெரியுமா?”

இதற்கு ஒரு பதில் அவனிடம் தயாராக இருந்தது. இப்போதுதான் போன் வந்தது, எனக்கும் தெரியாது என்று சொல்லலாம். நம்பிவிடுவாள். பாண்டி மச்சான் சொன்னது சரிதான், அவனைத்தான் நம்புவார்கள்.

“தெரியும்” என்றான்.

“அப்பறம் எதுக்கு என்னையச் சிரிக்க வச்ச?”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அஜித் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையைப் பின்னால் கொண்டுபோனாள். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவள் அழவும் இல்லை. தம்பியின் டவுசரைத் தூக்கிவிட்டு, நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டாள். அவன் சொம்பை வாங்கி முழுக்க நிரப்பி, அவன் கையில் கொடுத்தாள்.

“ரெண்டு கையாலயும் பிடிடா” என்றாள்.

நாலு பேர் நாலு மூலையையும் பிடித்து வேட்டியை உயர்த்தினார்கள். அதற்கு அடியில் பாண்டி, நாச்சிமுத்து, அத்தை, இரண்டு பிள்ளைகள். சங்கு ஊதியது. பாரூக் கேட் ஓரமாக ஒதுங்கி நின்றார். காலிக் குடத்தோடு நின்ற பெண்கள் வழி விட்டார்கள். ஒருத்தி முகேஷின் சொம்பைப் பார்த்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

அஜித் பந்தலுக்கு வெளியே, பிள்ளைகள் நடந்த பக்கமாகவே நடந்தான். தார் ரோடு இன்னும் சுட்டது. ஈரக் கால் தடங்கள் விழுந்த மாத்திரத்தில் காய்ந்தன. பாதி வழியில் முகேஷ் கால் சுடுகிறது என்று அழ ஆரம்பித்தான். அந்த அழுகை கால் சுட்டதில் தொடங்கி, கொஞ்ச தூரத்தில் வேறு அழுகையாக மாறிவிட்டது. “அம்மாட்டப் போகணும்” என்றான். பாண்டி குனிந்து அவனைத் தூக்கப் பார்த்தார். தலையில் குடம் இருந்ததால் முடியவில்லை. அஜித் வேட்டிக்கு அடியில் கையை நீட்டி அவனைத் தூக்கிக்கொண்டான். சொம்புத் தண்ணீரில் பாதி அஜித்தின் சட்டைக்குள் போனது. முகேஷ் மீதியை விடாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

கீர்த்தனா திரும்பிப் பார்க்கவில்லை. சொம்பின் விளிம்பில் கண்ணை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் நடந்தாள்.

“கீர்த்தி” என்றான் அஜித் ஒரு தடவை.

“பேசாத மாமா. சிந்திரும்.”

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். முஹ்சினா டீச்சர் வந்து பெண்களோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளைப் பார்த்ததும் அழுகை பெரிதாக எழும்பியது. கட்டிப்பிடிக்க வந்த கைகளுக்கு நடுவில் கீர்த்தனா சொம்பை உயரத் தூக்கிக்கொண்டு புகுந்து போனாள். “பிள்ளை கல்லு மாதிரி இருக்குதே” என்று யாரோ சொன்னார்கள்.

வாசலின் ஒரு ஓரத்தில் பெஞ்சைப் போட்டு, சுற்றிலும் சேலைகளைத் திரையாகப் பிடித்திருந்தார்கள். பெண்கள்தான் உள்ளே போகலாம், பிள்ளைகள் போகலாம். முத்துப்பேச்சி அத்தை முகேஷை அஜித்தின் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு திரைக்குள் போனார். கீர்த்தனாவின் சொம்புக்கும் கையை நீட்டினார்.

“குடு தாயி. அத்த ஊத்திருவேன்.”

“நானே ஊத்துறேன்.”

திரையை விலக்கிப் பிடித்தார்கள். கீர்த்தனா நுழைவதற்கு முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே பார்த்தாள். என்ன பார்த்தாளோ, சொம்புத் தண்ணீர் முதன்முதலாக ஆடியது. வழி நெடுகச் சிந்தாத தண்ணீர் அவள் கால் விரல்மேல் சிந்தியது.

“மாமா” என்றாள், திரும்பாமல்.

அஜித் திரைக்கு இந்தப் பக்கம், அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றான்.

“சொல்லு தங்கம்.”

“நீ வர மாட்டியா?”

“நான் வரக் கூடாதுடா.”

பின்னால் பெண்கள் அவசரப்படுத்தினார்கள், பொழுது இறங்குகிறது என்றார்கள். நாச்சிமுத்து கையைக் காட்டி அவர்களை அடக்கினார்.

“மெதுவா ஊத்தணுமா, ஒரேயடியா ஊத்தணுமா?”

யாரும் அவனிடம் இதுவரை கேட்காத கேள்வி. எப்படி ஊற்ற வேண்டும் என்று முறை ஏதாவது இருக்கலாம். பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவள் அவர்களைக் கேட்கவில்லை.

“மெதுவா ஊத்து” என்றான் அஜித். “ரொம்ப மெதுவா.”

திரை மூடியது. அஜித் அங்கேயே நின்றான். உள்ளே முதலில் அத்தையின் அழுகை கேட்டது, பிறகு முகேஷின் “அம்மா, அம்மா”. அவற்றுக்குக் கீழே, காதை வைத்துக் கேட்டால், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு சின்னச் சொம்பு அவ்வளவு நேரம் ஊற்றும் என்று அவன் நினைத்ததில்லை.